கடைக்காரர் மூளைக்குள் நாலு மொழி

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடையில் கால் மணி நேரம் நின்றால் போதும். கல்லாவில் இருப்பவர் மாடியிலிருந்து சரக்கை இறக்கும்படி தம்பியிடம் சௌராஷ்டிர மொழியில் சொல்வார். "சாயம் போகாதுக்கா, தைரியமா எடுங்க" என்று தமிழுக்கு வருவார். வடக்கேயிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்த குடும்பத்திடம் இந்தியில் விலை பேசுவார். நடுவில் போன் வந்தால், ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரிடம் பாதி ஆங்கிலம். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் இதெல்லாம் அன்றாடம். நெசவும் சாயமுமாகத் தலைமுறைகளாக இங்கே இருக்கும் சௌராஷ்டிரர்கள் வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று என்று இரண்டு மொழிகளோடுதான் வளர்கிறார்கள்.

ஒரு மொழியை அணைத்துவிட்டு இன்னொன்றைப் போடுகிறது மூளை என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படியில்லை. தெரிந்த மொழிகள் எல்லாமே விழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ரஷ்யமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்த ஓர் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. தபால்தலையை எடுத்து வைக்கும்படி ரஷ்ய மொழியில் சொன்னால், கண் அடிக்கடி பக்கத்தில் கிடந்த மார்க்கர் பேனா மேல் போய்விட்டு வந்தது. காரணம், ரஷ்யத்தில் தபால்தலைக்குப் பெயர் 'மார்கா'. பேச்சில் ஆங்கிலமே இல்லை, ஆனாலும் உள்ளே அது காது கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆக, பேசும்போது சொல்லைத் தேடினால் மட்டும் போதாது. வேண்டாத மொழிகளை அடக்கியும் வைக்க வேண்டும். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதிகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அதே 1999-இல் வந்த இன்னோர் ஆய்வில், திரையில் தெரியும் எண்களை இரண்டு மொழிகளில் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தார்கள். நன்றாகத் தெரிந்த மொழிக்குத் திரும்பும்போதுதான் அதிகம் தாமதமானது! அரைகுறை மொழியில் பேச வேண்டுமானால் வலுவான மொழியை இறுக்கி அடக்க வேண்டும். அந்தப் பிடி தளர நேரம் பிடிக்கிறது. எல்லாம் மில்லி விநாடிக் கணக்குதான், சேலை வாங்க வந்தவர் கவனிக்கப் போவதில்லை.

கலந்து பேசுவதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிரில் இருப்பவருக்கும் அதே மொழிகள் தெரியும் என்றால், மூளை எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. அப்போதும் ஒழுங்கு கெடுவதில்லை. "கஸ்டமருக்கு பில் போட்டுட்டியா?" என்பதில் பெயர்கள் மட்டும்தான் ஆங்கிலம், வேற்றுமை உருபும் வினையும் தமிழ்.

கணக்கு மட்டும் தனி ரகம். வாய்ப்பாட்டை எந்த மொழியில் ஒப்பித்தோமோ அதில்தான் பெருக்கல் சட்டென்று வரும். அதனால் வீட்டு மொழி எதுவாக இருந்தாலும், தமிழ்ப் பள்ளியில் படித்தவர் கல்லாவில் தமிழில்தான் கணக்குப் போடுவார்.

பல மொழி பேசும் இந்தப் பழக்கத்தால் மூளைக்கு லாபம் உண்டா? ஐதராபாத்தில் மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தள்ளித் தொடங்கியிருந்தது. படிப்பின் பலனாக இருக்குமோ என்றால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. வேறு சில ஆய்வுகளில் இவ்வளவு பலன் தெரியவில்லை என்பதால் ஆய்வாளர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை.