'ஆர்வமில்லை' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

"ஆர்வமின்மை. ஆலோசனை தேவை." இந்த இரண்டே வரிகளைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் தந்தையுடன் என்னிடம் அனுப்பியிருந்தார் வகுப்பாசிரியர். மாணவர்களுக்கான மனநல ஆலோசகராகப் பணியாற்றும் எனக்கு, இந்தக் கல்வியாண்டில் ஏறக்குறைய இதே சொற்களோடு வந்த பதினோராவது சீட்டு அது. சரக்கு வேன் ஓட்டும் அந்தத் தந்தை ஒரு நாள் வாடகையை விட்டுவிட்டு வந்திருந்தார். "நாங்க சொன்னா காதுலயே ஏறல மேடம். மண்டையில உறைக்கிற மாதிரி நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. நான்காம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை அவன் முன் வைத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். சுட்டுவிரலை வரியின் மீது ஊன்றி, எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஆறு வரிகளைக் கடக்க அவனுக்கு நான்கு நிமிடங்கள் ஆயின. கடைசி வரிக்கு வந்தபோது முதல் வரியில் என்ன இருந்தது என்பது அவன் நினைவில் இல்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் நான்காம் வகுப்பு. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்ட 2021 நவம்பர் 1 அன்று அவன் ஆறாம் வகுப்பு. கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கானது. அவனோ அதற்குள் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டான். வாசிக்க வராமலேயே நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளை உட்கார்ந்து எழுந்து போகும் பிள்ளைக்குப் படிப்பில் ஆர்வம் இருந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன். எங்கள் துறையில் இதற்குக் 'கற்றுக்கொண்ட இயலாமை' என்று பெயர்; பெயரே போதும், விளக்கம் வேண்டியதில்லை.

விளக்கம் வேண்டியது வேறொன்றுக்கு. ஊக்கம் என்பது வெளியிலிருந்து ஒருவர் வந்து பிள்ளையின் மனத்தில் ஊற்றிவிட்டுப் போகக்கூடிய பொருள் என்று பெற்றோரும் பள்ளிகளும் ஏன் இவ்வளவு உறுதியாக நம்புகிறார்கள்? பொதுத்தேர்வு நெருங்கினால் பள்ளிக்குப் பள்ளி தன்னம்பிக்கை முகாம் நடக்கிறது. அப்படியொரு முகாமில் நானும் மேடையில் உட்கார வைக்கப்பட்டிருந்தேன். பேச்சாளர் மாணவர்களைக் கண்களை மூடச் சொன்னார். பின்னணியில் புல்லாங்குழல் இசை ஒலித்தது. அம்மாவின் பாதத்தில் இருக்கும் பித்தவெடிப்பை நினைத்துப் பார்க்கச் சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேம்பியழுதார்கள், சில ஆசிரியர்களும் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். பேச்சாளருக்குக் கொடுக்கப்பட்ட தொகை எனக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. மறுவாரம் அதே பிள்ளைகளில் மூவர் என்னிடம் வந்தார்கள். அம்மா இவ்வளவு கஷ்டப்பட்டும் தங்களுக்கு இருபடிச் சமன்பாடு புரியவில்லை என்ற குற்றவுணர்வு, முன்பு இல்லாத ஒன்று, இப்போது புதிதாகச் சேர்ந்திருந்தது. அந்தச் சமன்பாட்டை அவர்களுக்கு நடத்த வேண்டிய கணித ஆசிரியர் ஜூலையில் மாறுதலாகிப் போயிருந்தார் என்பதைப் புல்லாங்குழல் சொல்லவில்லை.

அந்த இடத்துக்கு அக்டோபரில் ஒரு தற்காலிக ஆசிரியர் வந்தார், நன்றாகவே நடத்தினார், டிசம்பரில் ஒரு தனியார் நிறுவன வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நியமிக்கப்படும் பட்டதாரி ஆசிரியருக்கு 2022இல் முதலில் அறிவிக்கப்பட்ட மாத ஊதியம் 10,000 ரூபாய். பின்னர் உயர்த்தப்பட்டாலும், குடும்பம் நடத்தும் ஒருவர் நிலைத்து நிற்கக்கூடிய தொகை என்று அதைச் சொல்ல முடியாது. ஓராண்டில் மூன்று ஆசிரியர்களையும் இரண்டு வெற்றிடங்களையும் பார்த்த பிள்ளை, இந்தப் பாடம் யாருக்கும் முக்கியமில்லை என்று முடிவுகட்டினால், அந்த முடிவில் நான் பிழை காணமாட்டேன். நிரந்தர ஆசிரியர்களின் நாளும் பாதி 'எமிஸ்' என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதில் கரைகிறது. கண்கள் கைப்பேசியில் இருக்க, வாய் மட்டும் பாடம் நடத்துவதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்கிறார்கள்.

"அரசுதான் எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கென்யாவின் கிராமப் பள்ளிகளில் 1990களில் இலவசப் பாடநூல்கள் கொடுத்து ஆராய்ந்தபோது, சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டுமே பயனடைந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழியான ஆங்கிலத்தில் அந்த நூல்கள் இருந்தன. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமர் 2019இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். என் முன் உட்கார்ந்திருந்த பையனின் பையிலும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் அத்தனையும் இருந்தன, மடிப்புக் கலையாமல்.

பணம் போய்ச் சேராத இடங்களையும் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறைப்படி, 100க்கு மேல் 250 வரை மாணவர்கள் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். 240 பேர் படிக்கும் பள்ளியில் அது தலைக்கு 208 ரூபாய், ஓர் ஆண்டு முழுவதற்கும். சுண்ணக்கட்டி, விளையாட்டுப் பொருள், ஆய்வக வேதிப்பொருள், குழாய் பழுது எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இத்திட்டத்தின் கீழ் 2024–25ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு தரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது என்று மாநில அரசு முறையிட்ட வழக்கைப் பற்றிக் கருத்துச் சொல்வது என் வேலையன்று. குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் என்னிடம் வருகிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் வருகிறார்கள். கழிப்பறைக்குப் போக அஞ்சி, காலை எட்டு மணியிலிருந்து மாலை வீடு திரும்பும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள். மதியத்துக்கு மேல் தலைவலியோடு மேசையில் கவிழ்ந்திருப்பவர்கள். மாதத்தில் மூன்று நாள் வராதவர்கள். இவர்களுடைய சீட்டிலும் 'ஆர்வமின்மை' என்றுதான் எழுதியிருக்கிறது.

ஆறாம் வகுப்பில் 'திடீரென மந்தமாகிவிட்ட' பிள்ளைகள் இன்னொரு கூட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதலில் நடைமுறைக்கு வந்த காலை உணவுத் திட்டம் மிக நல்ல திட்டம். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஏப்ரல்வரை பொங்கலும் கிச்சடியும் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போன பிள்ளை, ஜூனில் ஆறாம் வகுப்பில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஆலோசகர் எதற்கு?

ஆகவே, ஆசிரியர்களே, என்னிடம் அனுப்பும் முன் தயவுசெய்து இவற்றைப் பாருங்கள். முதலில் கண். கரும்பலகையில் எழுதியதைக் கடைசி வரிசையிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் அதையே முதல் வரிசையில் செய்யச் சொல்லுங்கள். பிள்ளையைத் தனியாக அழைத்து, இரண்டு வகுப்புக்குக் கீழேயுள்ள பாடநூலை வாசிக்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் முன்னிலையில் ஒருபோதும் வேண்டாம். பெண் பிள்ளையாக இருந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். வாராவாரம் பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை எத்தனை பேர் வயிற்றுக்குள் போகிறது, எத்தனை ஜன்னலுக்கு வெளியே போகிறது என்பது உங்களுக்கும் தெரியும். 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பது வேடிக்கைப் பேச்சு அன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்லாமல் மனத்தை வதைப்பதையும் தடைசெய்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் அட்டைக்கு முன்னால் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். எந்தப் பாடத்தின் நோட்டு எந்தத் தேதியோடு நின்றுபோயிருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் கூட்டமாக அதை ஆக்கிவிடாமல், தண்ணீர்க் குழாயைப் பற்றியும் காலியிடத்தைப் பற்றியும் தீர்மானம் எழுதும்வரை எழுந்து வராதீர்கள்.

அந்தப் பையன் இப்போது வாரத்தில் நான்கு நாள் மாலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரிடம் வாசிக்கப் போகிறான். ஐந்தாம் வகுப்பு நூலை எட்டியிருக்கிறான். பத்தாம் வகுப்புக்குள் எவ்வளவு பிடிப்பான் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அவன் தந்தை மட்டும் இன்னமும் தொலைபேசியில் அந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளரின் எண்ணைக் கேட்கிறார்.

அடுத்த சீட்டை எழுதும்போது மூன்று செய்திகளைச் சேர்த்து எழுதுங்கள்: காலையில் என்ன சாப்பிட்டது, எந்த வகுப்பு நூலைத் தடையின்றி வாசிக்கிறது, எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆசிரியர் இல்லை. இடம் போதாது என்றால், இதுவரை வந்த பதினோரு சீட்டுகளிலும் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது.