பற்றரி மாற்றுவதற்கு முன் எர்த் வயரைப் பாருங்கள்

கார் ஒரு குழியில் விழுந்து எழும்ப, டாஷ்போர்ட் லைற், ஹோர்ன், ரேடியோ எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். கொஞ்சத்தில் தானாகவே உயிர் வரும். உடனே பற்றரிக் கடைக்கு ஓடாதீர்கள். பற்றரி இறங்கினால் பெரும்பாலும் லைற் மங்கி, செல்ஃப் இழுத்து, முன்கூட்டியே அறிகுறி காட்டும். நொடியில் போய் நொடியில் வந்தால் எங்கோ ஓர் இணைப்பு விட்டுப் பிடிக்கிறது.

முதலில் ரேமினல், அதாவது பற்றரியில் வயர் பூட்டும் முனை. கையால் திருகினால் அசையவே கூடாது. பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பக்கம் போய்வரும் வாகனங்களுக்கு உப்புக்காற்றில் ரேமினலில் பூப்புப் (உப்புப் போன்ற படிவு) பிடிப்பது இன்னும் கெதி. என்ஜினை நிறுத்தி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். முதலில் பொசிட்டிவில் கை வைத்தால் ஸ்பனர் பொடியில் (காரின் உலோக உடலில்) முட்டி ஷோர்ட் ஆகலாம். சுடுதண்ணியில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, காயவிட்டு, பொசிட்டிவை முதலில் பூட்டி, மேலே வாஸ்லின் பூசுங்கள். பூட்டமுன் கிளாம்பின் (ரேமினலைக் கவ்வும் வயர் நுனியின்) உள்பக்கம் பளபளக்க வேண்டும். பலர் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் போகிறார்கள்.

நெகட்டிவில் இருந்து போகும் வயர்தான் எர்த் வயர். அதன் மறுமுனை என்ஜினிலும் பொடியிலும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். கறள் பிடிப்பதும் அங்கேதான். மல்ரிமீற்றரின் ஒரு முனையை பற்றரியின் நெகட்டிவ் முனையிலேயே (கிளாம்பில் அல்ல) வைத்து, மற்றதை என்ஜினின் வெறும் உலோகத்தில் பிடித்து, ஒருவரை ஸ்ரார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ற்றுக்குள் காட்டினால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் எர்த் பொல்ற்றைக் கழற்றித் தேய்த்தே ஆகவேண்டும்.

வேறு பற்றரியில் இருந்து கரண்ட் எடுக்கும் ஜம்ப் வயரை பொசிட்டிவ், நெகட்டிவ் மாறிக் கொடுத்தால் மெயின் பியூஸ் உருகும். உருகிய பியூசுக்குப் பதில் செப்புக் கம்பி சுற்றினால் அடுத்து எரிவது வயரிங். கார் வாங்கியபின் பூட்டிய அலாரங்களின் வயரை முறுக்கி ரேப் ஒட்டிய மூட்டுகளும் வெயிலில் இளகிக் கழரும்.

ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்ரனேற்றரைச் சோதிக்க, என்ஜின் ஓட ஓடப் பற்றரி வயரைக் கழற்றுவது ஏ40, மொறிஸ் போன்ற பழைய கார்களின் டைனமோக் காலத்துப் பழக்கம். இன்றைய காரில் வோல்ற் எகிறி கம்பியூட்டரே போய்விடும். மீற்றரைப் பற்றரியின் இரு முனையிலும் வைத்தால் போதும்: என்ஜின் நின்றிருக்க 12.6 வோல்ற், ஓடும்போது 13.8 முதல் 14.5. ஓடும்போதும் 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை.

ஓட்டத்தில் கரண்ட் போய் என்ஜினும் நின்றால் திறப்பைக் கடைசிவரை பின்னுக்குத் திருப்பாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிறேக்கை விட்டுவிட்டு மிதித்தால் இரண்டு மூன்று மிதியில் கல்லாகிவிடும். ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள்.