ஃபோனிக்ஸுக்குத் தமிழ் என்ன?

ராமநாதபுரம் டவுனில் தொடங்கி இந்தப் பக்கம் கீழக்கரை, அந்தப் பக்கம் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று எங்கே போனாலும், டியூஷன் பலகைகளில் அபாகஸுக்கும் ஹிந்திக்கும் பக்கத்தில் இப்போது ‘ஃபோனிக்ஸ்’ வந்து உட்கார்ந்துவிட்டது. பேச்சில் ‘போனிக்ஸ்’. தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்கள் ‘ஒலியியல் வகுப்பு’ என்று போடுகிறார்கள். ஆசை நல்லது, சொல்தான் சரியில்லை.

வேர்ச்சொல் கிரேக்கம். ‘ஃபோனே’ என்றால் குரல், ஒலி. டெலிஃபோன், மைக்ரோஃபோன், கிராமஃபோன் எல்லாம் அதன் பிள்ளைகள். வாலில் உள்ள ‘இக்ஸ்’ ஒரு துறையைக் குறிக்கும். ஃபிஸிக்ஸ், மேத்தமேட்டிக்ஸ் மாதிரி. 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஃபோனிக்ஸ் என்றால் ஒலியைப் பற்றிய அறிவியல். குழந்தைகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாசிக்கக் கற்பிக்கும் முறை என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. இன்று அது மட்டுமே மிச்சம்.

அந்த முறை செய்வது இரண்டே வேலை. எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று பழக்கி, அந்த ஒலிகளைக் கூட்டிச் சொல்லை வாசிக்க வைப்பது ஒன்று. காதில் விழுந்த சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து எழுத வைப்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்க வேண்டியிருப்பதால், அங்கே இதற்குத் தனி வகுப்பே தேவைப்படுகிறது. ‘சீ, ஏ, டீ’ என்று எழுத்தின் பெயரைச் சேர்த்தால் சீயேடீதான் வரும், ‘கேட்’ (cat) வராது. ‘டபிள்யூ’ என்ற பெயருக்குள் ‘வ’ ஒலி எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது.

இனி ஒலியியலுக்கு வருவோம். மனிதப் பேச்சொலிகள் எப்படிப் பிறக்கின்றன, எப்படிக் கேட்கின்றன என்று ஆராயும் ஃபொனெட்டிக்ஸுக்குத் தமிழ்ப் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஒரு மொழியில் பொருளை மாற்றும் ஒலி ஒலியன். அதை ஆராய்வது ஒலியனியல். இரண்டும் மொழியியல் படிப்புகள். யுகேஜி பிள்ளையின் வகுப்புக்கு ஒலியியல் என்று பெயர் வைப்பது, நீச்சல் கற்றுக்கொடுக்கும் இடத்தில் ‘கடலியல்’ என்று பலகை மாட்டுவது மாதிரி. ‘ஒலிப்பு முறை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது உச்சரிப்பை மட்டும் சொல்கிறது. எழுத்து அதில் காணாமல் போய்விடுகிறது.

என் கணக்கில் பொருந்துவது ‘எழுத்தொலி’. எழுத்தும் அதன் ஒலியும் ஒரே சொல்லில் கைகோத்து நிற்கின்றன. எழுத்தொலிப் பயிற்சி, எழுத்தொலி அட்டை, எழுத்தொலி விளையாட்டு என்று தடங்கலின்றி நீள்கிறது. இலக்கணம் படித்தவர்கள் ஒரு தடை எழுப்பலாம். ‘மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி எழுத்து’ என்கிறது நன்னூல். எழுத்து என்றாலே ஒலிதானே, பிறகு எதற்கு இன்னொரு ஒலி? தொல்காப்பியத்திலும் எழுத்து என்பது ஒலிக்கும் வடிவத்துக்கும் பொதுவாகத்தான் நிற்கிறது. நியாயமான தடைதான். ஆனால் இன்று ‘எழுத்து’ என்றதும் யாருக்கும் நினைவுக்கு வருவது பலகையில் இருக்கும் கோடும் சுழியும். அதனால் ஒலியைத் தனியே சொல்லித்தான் ஆக வேண்டும்.

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்ற தெளிவு நமக்குப் புதிதல்ல. அகரம், ஆகாரம், மகரம் என்று கரமும் காரமும் சேர்த்துச் சொல்வது பெயர். அ, ஆ, ம என்பது ஒலி. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டில் அது ஆனா, ஆவன்னா, கானா என்று ஆனது. ‘கானா, டானா, இல்லன்னா – கடல்’ என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெயரைச் சொல்லி, கடைசியில் சொல்லுக்குத் தாவுகிறார்கள். நடுவில் இருக்கும் அந்தத் தாவலைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பதுதான் எழுத்தொலிப் பயிற்சி. அதற்கு நாம் வைத்திருக்கும் வாய்வழக்கு ‘எழுத்துக் கூட்டிப் படி’. ஃபோனிக்ஸ் ஆசிரியைகள் ‘பிளெண்டிங்’ என்று சொல்வது இந்தக் கூட்டல்தான். இலங்கைத் தமிழர் ‘ஸ்பெல்லிங்’கையும் எழுத்துக்கூட்டல் என்றே சொல்கிறார்கள். வாசிப்புக்கும் எழுதுதலுக்கும் ஒரே சொல் போதும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம்மிடம் இருந்த இன்னொரு கருவியை நாமே கைவிட்டுவிட்டோம். இன்று பிள்ளைகள் ‘மூணு சுழி ண, ரெண்டு சுழி ன’ என்று சுழியை எண்ணுகிறார்கள். பழைய பெயர்கள் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன் வருவது ண: தொண்டி, மண்டபம், நண்டு. த-வுக்கு முன் வருவது ந: குந்துகால், சந்தை. ற-வுக்கு முன் வருவது ன: தென்றல், கன்று. பெயருக்குள்ளேயே எழுத்துக்கூட்டல் விதி இருக்கிறது. நாக்கை வைத்துப் பார்த்தாலும் புரியும். ‘தொண்டி’ என்னும்போது நாக்கு மேலே மடிந்தபடியே ண-விலிருந்து ட-வுக்குப் போகிறது. சுழி எண்ணும் பிள்ளைக்கு இது கிடைக்காது.

தமிழில் ஒரு எழுத்துக்கு ஒரே ஒலி என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. ‘பாம்பன்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. ம் வந்து மோதியதும் ஒலி கனத்துவிடுகிறது. எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்று தமிழ்ப் பிள்ளையின் காதுக்குத் தானாகத் தெரியும், அதனால் அவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆங்கிலத்தில் இந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து என்றதும் குழம்புவதும் அதே காதுதான்.

தங்கச்சிமடத்தில் ஒரு டியூஷனில் பார்த்தது. படகுப் படத்தைக் காட்டி “இது என்னடா?” என்றார் டீச்சர். “போட்டு” என்றான் பையன். “போட்” என்று அவர் திருத்த, “இல்ல டீச்சர், எங்க அப்பா போறது போட்டு” என்றான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்தக் கரையில் விசைப்படகுக்குப் பெயர் போட்டு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை, கடைசியில் ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஐஸு, பிரிட்ஜு, கப்பு எல்லாம் அப்படி வந்தவை. ஆங்கில வகுப்பில் அந்த உகரம் எழுத்திலும் ஏறிவிடும் என்பதுதான் சிக்கல். அந்த டீச்சர் செய்தது எளிமையான வேலை. ‘பட்டம்’ சொல்லச் சொன்னார். பிறகு ‘பட்’ வந்ததும் நாக்கை எடுக்காமல் அப்படியே நிறுத்தச் சொன்னார். ‘அப்பா’வில் உதடு மூடிய இடத்தில் நிறுத்தச் சொன்னார். ட், ப் என்ற வெறும் மெய்யொலி பிடிபட்டுவிட்டது. தமிழ்ப் புள்ளி எழுத்துதான் இங்கே ஆங்கிலத்துக்கு உதவியது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் இன்னொரு வழியிலும் நடக்கிறது. காலையில் மதரஸாவில் ஓதப் போகும் பிள்ளை ‘மஹ்ரஜ்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்கிறது. எழுத்தொலி வாயில் எங்கிருந்து வெளிப்படுகிறது என்ற இடம் அது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் பேசுவதும் இதையே. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி வழக்கமும் இந்தக் கரையில் இருந்தது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்தில் புள்ளியும் குறியும் கூட்டிப் புது எழுத்து உண்டாக்கினார்கள். ஒலியைத் தனியே பிரித்துக் கேட்காமல் அதைச் செய்திருக்க முடியாது.

எழுத்தொலி முறை கைவிடும் இடமும் உண்டு. பேச்சில் இரண்டு ஒலிகள் கலந்துவிட்ட இடத்தில் அதை நம்ப முடியாது. நம் பக்கம் பலர் வாயில் கீழக்கரை ‘கீளக்கரை’. காதில் விழுந்தபடி எழுதும் பிள்ளை மழையையும் ‘ளை’ போட்டு ‘மளை’ என்றுதான் எழுதும். ர, ற வேறுபாடும் பேச்சில் போய்விட்டது. பறவை என்றால் புள், பரவை என்றால் கடல் என்பதை இனிமேல் கண்ணால்தான் கற்க வேண்டும். இந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் எழுதியும் மனத்தில் பதிக்கத்தான் வேண்டும், எந்த ஒலி அட்டையும் உதவாது. ஆங்கிலத்திலும் ‘ஒன்’ (one), ‘செட்’ (said) போன்ற சொற்களுக்கு இதே கதி.

இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்கள். பாதி, பொருளே இல்லாத பொய்ச் சொற்கள். மனப்பாடம் உதவாது, கூட்டித்தான் படிக்க வேண்டும். ‘டமுப்பு’, ‘மிணல்’ என்று எழுதிக் கொடுத்து வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள்.

பலகை எழுதுகிறவர்களுக்கு ஒன்று. வகுப்பு ஆங்கிலத்துக்கு என்றால் ‘ஆங்கில எழுத்தொலிப் பயிற்சி’ என்று முழுதாகவே எழுதுங்கள். முன்னால் ‘ஆங்கில’ இல்லாவிட்டால், டண்ணகரம் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டுக்கொண்டு நானே வந்து நிற்பேன்.