ஐ.இ.பி.யில் எழுதியது வகுப்பில் நடக்கிறதா?

சிறப்புத் தேவை உள்ள குழந்தைக்குப் பள்ளி போட்டுத் தரும் தனிநபர் கல்வித் திட்டத்தை ஐ.இ.பி. என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஜூனில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதோடு பல இடங்களில் அது பீரோவுக்குள் போய்விடுகிறது. எழுதிய பயிற்சி நடக்கவில்லை என்றால் பெங்களூரில் இருப்பவர்கள் யாரைக் கேட்பது?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் பிடிமானம். அதன் 16-ஆவது பிரிவில் குழந்தையின் தேவைக்கேற்ற வசதிகள், தனிப்பட்ட உதவி, ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது எல்லாம் வருகின்றன. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளுக்கு இது பொருந்தும். தனியார் பள்ளி என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

கையெழுத்துப் போடும் முன் வாசகங்களைப் பாருங்கள். "தேவைப்படும்போது ஸ்பீச் தெரபி" என்று இருந்தால் அதை வைத்து ஒன்றும் கேட்க முடியாது; பள்ளிகளுக்கு மிகவும் பிடித்த வாசகம் இது. "வாரம் 3 நாள், தலா 40 நிமிடம், ஸ்பெஷல் எஜுகேட்டர் (சிறப்புக் கல்வி ஆசிரியர்) தனியாக" என்று எழுதச் சொல்லுங்கள். நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு நோட்டில் நடந்ததையும் நடக்காததையும் தேதியோடு குறித்து வாருங்கள்: "ஜூலை 8, டீச்சர் விளையாட்டு விழா வேலையில், வகுப்பு இல்லை." ஒரு மாதத்துக் குறிப்பு இருந்தால், "அவ்வப்போது விட்டுப்போகும்தான்" என்ற பதில் எடுபடாது.

முதல் கடிதம் தலைமை ஆசிரியருக்கு. அசையவில்லை என்றால் உங்கள் பகுதி பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அதிகாரி) அலுவலகம். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் கன்னடம் சரளமாகப் பேசினாலும் எழுதத் தெரியாத நம்மவர்கள் நிறைய. தெரிந்தவரை வைத்துக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நகரும். நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அரசுப் பள்ளி என்றால் ஸ்பெஷல் எஜுகேட்டர் வந்துபோன பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கர்நாடக விதிப்படி மனு ஒரே விஷயத்தைப் பற்றி, 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். கதை எழுதினால் திருப்பி விடுவார்கள்.

அடுத்தது மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். விசாரிக்கும்போது சாட்சியை அழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்ற அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் சொல்வது பரிந்துரைதான். ஆனால் சம்பந்தப்பட்ட அதிகாரி 3 மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்ததையோ, ஏற்காத காரணத்தையோ தெரிவித்தாக வேண்டும். மனுவோடு ஐ.இ.பி., நோட்டுப் பக்கங்கள், சீல் போட்ட கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நகல் மட்டும் இணையுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.