வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரிக்கு மாறலாமா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான விதி

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பாட்டியை ஒரு மேட்சுக்காவது கூட்டி வர வேண்டும், ஊரைவிட்டு வெகுதூரம் வந்தாகிவிட்டது. இப்படி ஏதோ ஒரு காரணத்துக்காக வீட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படிக்க நினைக்கும் கல்லூரி ஃபுட்பால் வீரர்கள் அமெரிக்காவில் எப்போதும் உண்டு. (ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தோடு முட்டி மோதும் ஆட்டம்தான் அங்கே ஃபுட்பால்.) அவர்கள் கல்லூரி மாறலாமா? தாராளமாக மாறலாம். இன்றைய விதியில் யாரும் காரணமே கேட்பதில்லை. சில வருஷங்களுக்கு முன்புவரை காரணத்தையும் கேட்டார்கள், தூரத்தையும் அளந்தார்கள்.

விதியை வகுப்பது என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு. அதன் முதல் பிரிவுக் கல்லூரிகளைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் விதி வேறு.

பழைய நிலவரப்படி, ஃபுட்பால் வீரர் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் மேட்ச் ஆட முடியாது. பயிற்சிக்குப் போகலாம், வகுப்புக்குப் போகலாம், அவ்வளவுதான். விலக்கு வேண்டுமென்றால் மனு போட வேண்டும். வீட்டில் யாருக்காவது நோய் என்றால், அவர் இருக்கும் இடத்திலிருந்து புதிய கல்லூரி 100 மைலுக்குள், அதாவது சுமார் 160 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறியில் இருந்தது.

இந்த அளவுகோல் எப்படி வேலை செய்தது என்பதற்கு 2019-ல் பிராக் ஹாஃப்மன் என்ற வீரர் போட்ட மனுவைப் பார்த்தால் போதும். கோஸ்டல் கரோலைனாவிலிருந்து வர்ஜீனியா டெக்குக்கு மாறினார். அம்மாவுக்கு மூளைக் கட்டிக்காக அறுவை சிகிச்சை நடந்து, அதன் பின்விளைவுகள் தொடர்ந்துகொண்டிருந்தன. மனு தள்ளுபடியானது. சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: அம்மாவின் உடல்நிலை தேறிவிட்டது, கல்லூரி 100 மைல் வட்டத்துக்கு 5 மைல் வெளியே இருக்கிறது. மேல்முறையீடும் எடுபடவில்லை. அந்த சீசன் முழுக்க அவர் உட்கார்ந்துதான் இருந்தார். அதே வருஷம் லூக் ஃபோர்ட் என்பவர், உடல்நலம் குன்றிய தாத்தா தன் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜார்ஜியாவிலிருந்து சொந்த மாநிலமான இல்லினாய்க்கு வந்தார். அவருக்கும் அனுமதி இல்லை.

2021 ஏப்ரலில் விதி தளர்ந்தது. ஒருமுறை மாறினால் காத்திருக்க வேண்டாம், இரண்டாவது முறை என்றால் மட்டும் மனு என்றார்கள். அதிலும் சிக்கல் வந்தது. டெஸ் வாக்கர் என்ற வீரர் முதலில் சேர்ந்த கல்லூரியில் கொரோனாவால் சீசனே நடக்கவில்லை. ஒரு மேட்ச்கூட ஆடாமல் ஒஹாயோவிலுள்ள கென்ட் ஸ்டேட்டுக்குப் போனார். பிறகு, பாட்டிக்குப் பக்கத்தில் இருக்க 2023-ல் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 'இது இரண்டாவது மாற்றம்' என்று மறுத்துவிட்டார்கள். பெரிய கூச்சல் கிளம்பியது. புதிய தகவல் கிடைத்ததாகச் சொல்லி அக்டோபரில் அனுமதித்தபோது நான்கு மேட்ச் முடிந்திருந்தது.

அந்த டிசம்பரில் ஒஹாயோ உள்ளிட்ட சில மாநிலங்கள் வழக்குப் போட, கூட்டாட்சி நீதிமன்றம் இந்தக் காத்திருப்பு விதிக்குத் தடை போட்டது. 2024 ஏப்ரலில் என்சிஏஏ தானே இறங்கி வந்தது: படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி, உடனே ஆடலாம். மைல் கணக்கும் மருத்துவச் சான்றிதழும் இதோடு தேவையற்றுப் போயின.

சரி, நடைமுறை என்ன? 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற கணினிப் பதிவேடு வந்தது. அதற்கு முன் மற்ற கல்லூரியோடு பேசவே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும். நம்மூரில் டிசி கொடுக்காமல் இழுத்தடிப்பது மாதிரி அங்கேயும் நடந்தது. இப்போது வீரர் எழுத்து மூலம் தெரிவித்தாலே போதும். ஒரு சிறிய ஆன்லைன் பாடத்தையும் முடித்திருக்க வேண்டும். இரண்டு வேலை நாட்களுக்குள் கல்லூரி அவர் பெயரைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் மற்ற பயிற்சியாளர்கள் அவரிடம் பேசலாம்.

எப்போது வேண்டுமானாலும் தெரிவிக்க முடியாது என்பதுதான் குடும்பக் காரணம் உள்ளவர்களுக்கு இடிக்கும் இடம். முன்பு டிசம்பரிலும் வசந்த காலத்திலுமாக இரண்டு வாய்ப்பு இருந்தது. 2025 அக்டோபரில் அதை ஒன்றாகச் சுருக்கி, 2026 ஜனவரி 2 முதல் 16 வரை என்று வைத்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அந்த அணிக்குத் தனி அவகாசம் உண்டு. அப்பா மார்ச்சில் படுத்த படுக்கையானால் அதற்கென்று அப்படி ஒரு தனி அவகாசம் கிடையாது. மாணவராக எந்தக் கல்லூரிக்கும் போய்ச் சேரலாம். அடுத்த சீசனில் ஆடலாம் என்ற உறுதிதான் இல்லை. காரணம் கேட்காத விதி, காரணத்துக்காகக் காத்திருக்கவும் செய்யாது.

இன்னொன்று ஸ்காலர்ஷிப். மாறப் போவதாகத் தெரிவித்துவிட்டால், அந்தப் பருவம் முடிந்ததும் பழைய கல்லூரி உதவித்தொகையை நிறுத்தலாம். புதிய இடம் உறுதியாகும் முன்பே கையிலிருப்பது போய்விடலாம் என்று அர்த்தம்.

படிப்புக் கணக்கைப் பலரும் கவனிப்பதில்லை. மூன்றாம் வருஷம் தொடங்கும் முன் பட்டத்துக்குத் தேவையானதில் 40 சதவீதம், நான்காம் வருஷத்துக்கு முன் 60, ஐந்தாம் வருஷத்துக்கு முன் 80 சதவீதம் முடித்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்தில் 90 கிரெடிட் எடுத்தவர், புதிய கல்லூரியில் தன் பாடப்பிரிவுக்கு 60 மட்டுமே செல்லும் என்று சொல்லிவிட்டால் மாட்டிக்கொண்டார். தேவை 72. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரியில் அதே பாடப்பிரிவு இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் பணம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். பணம் வந்தால் ஒப்பந்தமும் வரும். அந்தப் பணம் தொடங்கும் முன்பே போட்ட ஒப்பந்தத்தில் சிக்கியவர் சேவியர் லூகஸ். ஃப்ளோரிடாக்காரர், அப்பாவின் நோயைச் சொல்லி 2024 டிசம்பரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தை விட்டுப் போகக் கேட்டார். வருவாய்ப் பங்குக்கு, அதாவது கல்லூரி நேரடியாகத் தரவிருந்த அந்தப் பணத்துக்கு, இரண்டு வருஷ ஒப்பந்தம் இருக்கிறது என்று சொல்லி விஸ்கான்சின் அவர் பெயரைப் போர்ட்டலில் ஏற்றவில்லை. அவர் சேர்க்கையையே ரத்து செய்துவிட்டு மயாமி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்படிச் சேர்ந்து ஆடுவதைத் தன் விதி தடுக்கவில்லை என்றது என்சிஏஏ. 2025 சீசனில் மயாமிக்கு ஆடினார். விஸ்கான்சின் அவர்மேல் அல்ல, மயாமிமேல் வழக்குப் போட்டது. எனவே, கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தால், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற பத்தியை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

பெயர் கொடுத்த பின் மனம் மாறினால் போர்ட்டலிலிருந்து விலகிக்கொள்ளலாம். ஆனால் பழைய அணி திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்திருக்கலாம்.