முதலில் பிள்ளைகளைப் பாருங்கள், அப்புறம் போர்டில் கோடு போடுங்கள்

கோல் கிக். எங்கள் கீப்பர் பந்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் கையைத் தாழ்த்தி, ‘ஷார்ட், ஷார்ட்’ என்று சைகை காட்டினேன். பக்கத்தில் நின்ற ஸ்டாப்பருக்கு, அதாவது நடுவில் நின்று தடுக்கிறவனுக்கு, தட்டினான். சேலத்துச் செம்மண் மைதானம். ஆடிக் காற்றில் மேல் மண்ணெல்லாம் பறந்துபோய்ச் சரளை தெரிந்தது. பந்து ஒரு கல்லில் பட்டு எகிறி, ஸ்டாப்பரின் முழங்காலில் மோதி, எதிரணி ஸ்ட்ரைக்கரின் காலடியில் போய் விழுந்தது. கோல். பத்து நிமிடம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. அந்தக் குறுவட்டக் கால்பந்துப் போட்டியில் 5-0 என்று தோற்றோம். ஐந்தில் நான்கு, எங்கள் கோலுக்கு முன்னாலிருக்கும் பாக்ஸுக்குள் நாங்களே தொலைத்த பந்தில் வந்தவை.

இடைவேளையில் அந்த ஸ்டாப்பரைத்தான் திட்டினேன். ஏற்காட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துப் பையன், பதினாறு வயது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி பஸ்ஸில் பயிற்சிக்கு வருகிறவன். அடுத்த நான்கு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து ஓரமாக நின்றான். என்னப்பா ஆச்சு என்று கேட்டேன். “பால் என்கிட்ட வர்றப்பவே காலு கூசுது சார். மலையில நாங்க இப்படி ஆட மாட்டோம். தூக்கிப் போடுவோம், ஓடுவோம்” என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. அந்தப் பிள்ளைகளுக்கு எது வரும் என்று பார்க்காமல், எனக்கு எது பிடிக்கும் என்று பார்த்து ஆட்டத்தை அமைத்திருந்தேன். சேலத்தில் பள்ளி, கிளப் அணிகளுக்கு இருபது வருடமாகக் கோச்சாக இருப்பவன் செய்யக்கூடாத காரியம். இதை எழுதுவதே, ஒவ்வொரு சீசனிலும் வேறு வேறு மைதானங்களில் இதே காட்சியை இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதால்தான். உடற்கல்வி ஆசிரியர்கள், புதிதாக லைசன்ஸ் எடுத்த இளம் கோச்சுகள், லைனுக்கு வெளியே நின்று கத்தும் பெற்றோர் எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கோல் கிக் விதி 2019-இல் மாறியது. அதற்கு முன் பந்து பெனால்டி பாக்ஸைத் தாண்டி வெளியே போனால்தான் ஆட்டத்தில் சேர்ந்ததாகக் கணக்கு. இப்போது உதைபட்டு நகர்ந்தாலே போதும், சொந்த அணிக்காரர் பாக்ஸுக்குள்ளேயே வாங்கலாம். இதை வைத்து ஐரோப்பிய அணிகள் பின்னாலிருந்து சின்னச் சின்ன பாஸாகக் கட்டி வருவதை டிவியில் பார்க்கிறோம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எதிராளியை நம் பாக்ஸ் வரைக்கும் இழுத்துவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் காலியாகும் இடத்தைப் பிடிப்பதுதான் அதன் நோக்கம். அங்கே தரை பாய் விரித்த மாதிரி இருக்கும். ஆடுகிறவர்கள் சின்ன வயதிலிருந்தே நெருக்கடியில் பந்து வாங்கிப் பழகியவர்கள். நம் சரளைத் தரையில் ஃபர்ஸ்ட் டச், அதாவது பந்தை வாங்கும் முதல் தொடுதல், ஒரு அடி தள்ளிப் போனால் நோக்கமெல்லாம் போச்சு, கோல் வாங்க வேண்டியதுதான்.

அந்தத் தோல்விக்குப் பிறகு இரண்டு வாரம் நான் ஆட்ட அமைப்பு வரையும் போர்டைத் தொடவே இல்லை. பிள்ளைகளை ஆடவிட்டுப் பார்த்தேன். பதினாறு பேரில் ஒன்பது பேர் மலைப் பிள்ளைகள். காபித் தோட்டச் சரிவுகளில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள். கடைசி நிமிடத்திலும் மூச்சு வாங்காமல் ஓடினார்கள். அதில் இரண்டு பேரைப் பிடிக்கவே முடியாது. ஸ்டாப்பர் பையன் பந்தைத் தலையால் நன்றாக முட்டுவான். இடது காலால் நாற்பது கஜம் அளந்து போடுவான். ஷார்ட் பாஸ் ஆட்டத்தில் அந்த இடது காலுக்கு வேலையே கொடுக்காமல் வைத்திருந்தேன். நடுவில் அம்மாபேட்டைப் பையன் ஒருவன். உடம்பு சிறிசு. ஆனால் பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோள் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிடுவான்.

இவ்வளவு கையில் இருக்க, எங்களிடம் இல்லாத ஒன்றை வைத்து நான் ஆடச் சொல்லியிருக்கிறேன். மாற்றினேன். ஃபோர்-ஃபோர்-டூ, அதாவது பின்னால் நான்கு பேர், நடுவில் நான்கு பேர், முன்னால் இரண்டு பேர். எதிராளி நடுக்கோட்டைத் தாண்டும் வரை போக வேண்டாம், நம் பாதியில் நெருக்கமாக நிற்போம். பந்து பறித்ததும் அம்மாபேட்டைப் பையனிடம் கொடு, இல்லாவிட்டால் ஸ்டாப்பரே எதிரணியில் ஓரத்தில் நின்று தடுக்கும் ஃபுல்பேக்குகளுக்குப் பின்னால் தூக்கிப் போடட்டும். அந்த இரண்டு ஓட்டக்காரர்களுக்கும் ஒரே வேலை, அங்கே போய்ச் சேர்வது. அடுத்த டோர்னமெண்ட்டில் அரையிறுதி வரை போய் டைபிரேக்கரில் தோற்றோம். கோப்பை வரவில்லை. ஆனால் அந்த ஸ்டாப்பர் அதற்கப்புறம் ஒரு நாள் கூடப் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை.

‘லாங் பால் ஆட்டமா?’ என்று முகம் சுளிக்கிற கோச்சுகள் உண்டு. பந்தை எங்கே போடுகிறோம், யார் ஓடுகிறார் என்று தெரிந்து போட்டால் அதுவும் திட்டமிட்ட ஆட்டம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் நாட்டுக் கால்பந்தின் பெரிய வெற்றி ஒன்று இப்படி ஆளைப் பார்த்து எடுத்த முடிவில்தான் வந்தது. 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. கோச் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தடுப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். இன்னொரு கோச்சாக இருந்தால் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்னால் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினோம். ஒரு ஆட்டக்காரரின் உடம்பும் தைரியமும் கோச்சுக்கு எவ்வளவு தெரிந்திருந்தால் அப்படி ஒரு முடிவை அவ்வளவு பெரிய ஆட்டங்களில் எடுப்பார், யோசித்துப் பாருங்கள்.

தெரிந்துகொள்ள நாள் வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் மூன்று வாரம் நான் ஃபார்மேஷன் பேச்சே எடுப்பதில்லை. நாலுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து என்று சின்ன மைதானத்தில் ஆடவிடுவேன். விசில் ஊதுவதோடு என் வேலை முடிந்தது. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பந்து காலுக்கு வருமுன் தலையைத் தூக்கிப் பார்க்கிறவன் யார், எப்போதும் ஒரே பக்கம் திரும்புகிறவன் யார், பாஸ் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கிறவன் யார், இரண்டு கோல் பின்தங்கியிருக்கும்போதும் கையைத் தூக்கிப் பந்து கேட்கிறவன் யார். இந்தக் கடைசிக் கேள்விக்கு விடையாக ஒரு பெயர் கிடைத்துவிட்டால் பாதி அணி கிடைத்த மாதிரி. கூடவே போன சீசனின் கடைசிப் பத்து ஆட்டங்களில் நாம் போட்ட கோல் ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று எழுதிப் பாருங்கள். கார்னரிலா, ஓரத்திலிருந்து வந்த கிராஸிலா, எதிராளி தவறவிட்ட பந்திலா? எழுதிப் பார்க்கிற வரைக்கும் நமக்கே தெரியாது.

ஃபுட்பால் மைதானத்தில் மட்டும் பார்த்தால் போதாது. மாணவியர் அணியில் ஒரு பெண் இருந்தாள். காலாட்டம் சுமார். ஃபுல்பேக்காக ஆடுவாள், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு நாள் பயிற்சிக்குச் சீக்கிரம் போனபோது மைதானத்தின் அந்தக் கோடியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தாள். தடகளத்தில் மாவட்ட அளவு வரை போனவள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்படியே கூப்பிட்டு, கையில் பந்தைக் கொடுத்து, “த்ரோ போடும்மா” என்றேன். டச் லைனிலிருந்து போட்டாள். பெனால்டி ஸ்பாட்டில் போய் விழுந்தது.

த்ரோ-இன்னில் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது, அதாவது எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்று வாங்கினாலும் தவறில்லை. இரண்டு கையும் சேர்ந்து தலைக்குப் பின்னாலிருந்து மேலாக வர வேண்டும், இரண்டு காலும் தரையில் பட்டிருக்க வேண்டும், இதுதான் முக்கியமான விதி. தூரத்துக்கு வரம்பில்லை. 2008-09-இல் இங்கிலாந்து பிரீமியர் லீகில் ஸ்டோக் சிட்டி அணியின் ரோரி டெலாப் இதே ஆயுதத்தை வைத்துப் பெரிய அணிகளைத் திணறடித்தார். அவரும் பள்ளி நாளில் ஈட்டி எறிந்தவர். எங்கள் பெண்ணுக்காக மூன்று வாரம் ஒரே பயிற்சி. முதல் போஸ்ட்டில் உயரமானவள் ஒருத்தி, அவளைத் தாண்டி விழும் பந்துக்கு இரண்டு பேர், பாக்ஸுக்கு வெளியே ஒருத்தி. ஏற்காட்டில் ஆடப் போனால் சாரலில் பந்து நனைந்து வழுக்கும். இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டு போவாள். பந்தைத் துடைத்து, இரண்டு எட்டு பின்னால் போய், போடுவாள். எதிரணிப் பெண்கள் பந்தைத் துணிந்து வெளியே அடிக்கவே தயங்கினார்கள்.

நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு முதலில் வாலிபால் ஆடியவர். உயரம் தாண்டுதலுக்குத் திருப்பிவிட்டவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கிற ஒரு ஆசிரியரின் கண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்று அவரை நினைக்கும்போதெல்லாம் தோன்றும்.

பெரிய கோச்சுகளும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். இத்தாலியக் கோச் கார்லோ அன்செலோட்டி 1996-இல் பார்மா அணிக்கு வந்தபோது ஃபோர்-ஃபோர்-டூவை விட்டு அசையாதவராக இருந்தார். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் சுதந்திரமாக ஆட வேண்டிய ஜான்ஃபிராங்கோ சோலாவை ஓரத்தில் நிறுத்தினார். சோலா அந்த நவம்பரிலேயே செல்சிக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் அதே காரணத்துக்காக ராபர்ட்டோ பாஜ்ஜோவையும் வேண்டாம் என்றார். அது தவறு என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். யுவென்டஸில் ஜிதானுக்காக அமைப்பை மாற்றினார். மிலனில் பிர்லோவைப் பின்னால் இறக்கி, அவர் காலிலிருந்து ஆட்டம் புறப்படும்படி வைத்தார். 2003-இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. மாற்றிக்கொள்ள அவருக்கே சில வருடம் ஆகியிருக்கிறது.

சரி, இருப்பதை வைத்து ஆடு என்றால் இல்லாததைச் சொல்லித்தர வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் சொல்லித்தர வேண்டும். அந்த மலைப் பையன்களுக்குத் தினமும் இருபது நிமிடம் ஃபர்ஸ்ட் டச் பயிற்சியை நான் நிறுத்தவே இல்லை. பயிற்சியில் பலவீனத்தைச் சரி செய்வோம், ஆட்டத்தில் பலத்தை வைத்து ஆடுவோம். அதிலும் பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளை ஒரே இடத்தில் கட்டிப்போடவே கூடாது. ஆறாம் வகுப்பில் உயரமாக இருக்கிறான் என்று ஸ்டாப்பராக நிறுத்துவீர்கள். பத்தாம் வகுப்பு வருவதற்குள் மற்ற பையன்கள் வளர்ந்து அவன் சாதாரண உயரமாகிவிடுவான். அதுவரை பந்தை வெளியே தள்ளுவதைத் தவிர அவனுக்கு எதுவும் கற்றுத்தரவில்லை என்றால் அந்தப் பையனுக்கு நாம் துரோகம் செய்திருக்கிறோம். சிறுவர்கள் எல்லா இடத்திலும் சுற்றி ஆடட்டும், கீப்பர் உட்பட.

இன்னொரு ஆபத்து, ஒரே ஒரு பையனின் பலத்தை நம்பி மொத்த ஆட்டத்தையும் கட்டுவது. நல்ல விங்கர் ஒருவனை வைத்து ஒரு சீசன் முழுக்க அப்படிச் செய்தேன். எல்லாப் பந்தும் அவனுக்கே. பிளஸ் டூ வந்தது, பொதுத்தேர்வு என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீதிப் பத்துப் பேரும் பந்தை வைத்துக்கொண்டு வலது ஓரத்தையே பார்த்தார்கள், அங்கே ஆளில்லை. இப்போது குறைந்தது இரண்டு வழியாவது வைத்துக்கொள்கிறேன்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். முன்னாலேயே போய் நெருக்கும் பிரஸ்ஸிங் ஆட்டத்தைச் சித்திரை வெயிலில், சேலம் தரைமட்டத்தில், காலையில் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டு வந்த பிள்ளைகளிடம் கேட்பது நியாயமில்லை. ஏற்காட்டுக் குளிரில் எழுபது நிமிடம் ஓடுகிற அதே பையன் கீழே இறங்கினால் ஐம்பதாவது நிமிடத்தில் கால் பிடித்துக்கொண்டு உட்காருவான். அவன் சோம்பேறி இல்லை. முதலில் என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள்.

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ‘என் பையனை ஏன் சார் ஸ்ட்ரைக்கராப் போடலை?’ என்று கேட்பதற்கு முன்னால், ஒரு மாலை வந்து அவன் எந்த இடத்தில் ஆடும்போது சிரிக்கிறான் என்று பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்.

இந்த வருட நோட்டில் இதுவரை ஒன்பது பக்கம் நிரம்பியிருக்கிறது. புதிதாகப் பதினோரு பேர் வந்திருக்கிறார்கள். நாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், இரண்டு காலாலும் ஒரே மாதிரி உதைக்கிறாள். செவ்வாய்ப்பேட்டைப் பையன் ஒருவன் வாயே திறக்க மாட்டேன் என்கிறான், ஆனால் பந்தை விட்டுக்கொடுப்பதே இல்லை. ஃபார்மேஷன் என்று தலைப்பிட்ட பக்கம் காலியாக இருக்கிறது. ஜூலை வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.