எஸ்டிமேட்_ஃபைனல்2: எது உண்மையான ஃபைனல்?

எங்கள் அலுவலகத்தின் பொது ஃபோல்டரில் ஒரே வேலைக்கு ஐந்து எஸ்டிமேட் கிடந்தன. எஸ்டிமேட், எஸ்டிமேட்_புதுசு, எஸ்டிமேட்_ஃபைனல், எஸ்டிமேட்_ஃபைனல்2, அப்புறம் எஸ்டிமேட்_ஃபைனல்_சார்_பார்த்தது. நான் ரொம்ப புத்திசாலித்தனமாக, பெயரையே நம்பாமல், தேதிவாரியாக அடுக்கி மேலே நின்றதை எடுத்து கிளையண்டுக்கு அனுப்பிவிட்டேன். அதில் இருந்தது நான்கு மாதத்துக்கு முந்தைய சிமென்ட் விலை.

பக்கத்து சீட் நண்பர் அன்று காலையில்தான் ஒரு பழைய மெயிலிலிருந்து அந்த ஃபைலை டவுன்லோட் செய்து ஃபோல்டரில் போட்டிருக்கிறார். பிரவுசரில் இறக்கும் ஃபைலுக்குப் பெரும்பாலும் இறக்கிய நேரமே ‘மாற்றிய தேதி’ ஆகிவிடும். வின்டோஸில் காப்பி செய்தால் இன்னும் வேடிக்கை: மாற்றிய தேதி பழையபடியே இருக்கும், உருவாக்கிய தேதி மட்டும் காப்பி செய்த நேரமாகிவிடும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட ஃபைல்!

பெயர் நாம் ஒட்டுவது, தேதி கம்ப்யூட்டர் ஒட்டுவது, ஆனால் இரண்டுமே டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டுதான். உள்ளே இருப்பது பருப்பா மிளகாய்த்தூளா என்பது மூடியைத் திறந்தால்தான் தெரியும். கம்ப்யூட்டர் மூடியைத் திறந்து பார்க்கும் வழிக்கு ஹேஷ் என்று பெயர். ஃபைலில் உள்ள பைட்டுகளையெல்லாம் ஒரு கணக்கில் போட்டு அரைத்தால் குறிப்பிட்ட நீளத்தில் ஒரு எண் வரும். ஷா-256 என்ற முறையில் அது 256 பிட், அதாவது 0 அல்லது 1 என்று 256 இலக்கம், ஃபைல் ஒரு பக்கக் கடிதமாக இருந்தாலும் சரி, இரண்டு ஜிபி வீடியோவாக இருந்தாலும் சரி. கடிதத்தில் ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி அரைத்தால், அந்த 256 பிட்டில் ஏறக்குறைய பாதி மாறிப்போய், பழைய எண்ணோடு எந்த ஒட்டுறவும் இல்லாத எண் வரும்.

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னலுக்காக லினஸ் டார்வால்ட்ஸ் 2005இல் எழுதிய ‘கிட்’, ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள், இந்த எண்ணையே முகவரியாக வைத்துக்கொள்கிறது. உள்ளடக்கம் ஒரு பக்கம், பெயர்ப் பட்டியல் தனியாக இன்னொரு பக்கம். ஒரே ஃபைலைப் பத்துப் பெயரில் போட்டாலும் உள்ளே அது ஒன்றுதான், ஒவ்வொரு மாற்றமும் முந்தையது எதுவென்று சொல்லிக்கொண்டு சங்கிலியாக நிற்கும், ‘ஃபைனல்’ என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. கிட் வழக்கமாகப் பயன்படுத்துவது ஷா-1 என்ற பழைய ஹேஷ் முறை. 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து, ஒரே ஷா-1 எண் வருகிற இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களைச் செய்து காட்டின. அதற்குத் தேவைப்பட்ட கணினி பலத்தைப் பார்த்தால், என் சிமென்ட் எஸ்டிமேட்டுக்காக யாரும் அவ்வளவு மெனக்கெடப் போவதில்லை.

எக்ஸெல் விஷயத்தில் மட்டும் ஒரு வில்லங்கம் உண்டு. ஃபைலைத் திறந்து, எதையும் தொடாமல் சேவ் கொடுத்து மூடினாலே ஹேஷ் மாறிவிடும், ஏனென்றால் எக்ஸெல் ஃபைலின் வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. ஒரு காப்பி எடுத்து, வால் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள்: உள்ளே ஷீட்டுகள் தனித்தனி ஃபைலாக இருக்கும், கடைசியாக எப்போது சேவ் ஆனது என்ற குறிப்பும் ஒரு ஓரமாக இருக்கும். அந்தக் குறிப்பு மாறுவதே போதும். ஆக, ஹேஷ் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே ஃபைல் என்று தைரியமாகச் சொல்லலாம், வேறாக இருந்தால் விலை மாறியிருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, பெயரில் தேதி போடுகிறவர்கள் வருடத்தை முதலில் போடுங்கள், 2024-03-07 என்று. பெயர்வாரியாக அடுக்கும்போது இடமிருந்து வலமாகத்தான் பார்க்கப்படும். 07-03-2024 என்று எழுதினால் எல்லா வருடத்து ஏழாம் தேதிகளும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். தேதி எழுதுவதற்கென்று 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமும் வருடத்தைத்தான் முன்னால் வைக்கிறது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு கூத்து இருக்கிறது. எங்கள் டிரைவில் ‘கொட்டேஷன்’ என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, ஒரு புள்ளி வித்தியாசம் இல்லாமல். கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, வின்டோஸுக்கு இரண்டும் வேறு. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

இப்போது எஸ்டிமேட் ஒன்றே ஒன்று, பழைய விலைகளெல்லாம் டிரைவின் வெர்ஷன் ஹிஸ்டரியில் இருக்கின்றன. அந்த இரண்டு ஃபோல்டரையும் சேர்த்து ‘விலைப்புள்ளி’ என்று பெயர் மாற்றிவிட்டோம், தமிழ்ப்பற்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.